வெந்நீரும் வேளையும்

மார்கழி மாதத்து விடியற்காலையில் நம் வீடுகளில் முதலில் நடைபெறும் வேலை வெந்நீர் காய்ச்சுவதுதான். ஒரு வீட்டின் பின்கட்டில் செப்புத் தவலையின் கீழே விறகு எரிகிறது. அடுத்த வீட்டில் எரிவாயு அடுப்பின்மேல் அலுமினியக் குண்டான் அமர்ந்திருக்கிறது. மாடி வீட்டுக் குளியலறையில் கீசரின் சிவப்பு விளக்கு கண் விழித்திருக்கிறது. கருவிகள் வேறு வேறாயினும் காரியம் ஒன்றே. வெந்நீர் எவ்வாறு காய்ச்சுவது என்பதை ஒருவருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால், எப்போது காய்ச்சுவது, எப்போது நிறுத்துவது என்பதை எண்ணிப் பார்ப்போர் சிலரே. மாணவ நண்பர்களே, அந்த 'எப்போது' என்னும் கேள்வியைத்தான் இன்று உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறேன். இதற்குப் பள்ளியில் நீங்கள் கற்ற பெளதிகமும், பெருக்கல் வாய்பாடும் போதும்.

இதைப் பற்றி நம்மிடையே இரு கட்சிகள் உண்டு. "கீசரை எந்நேரமும் போட்டு வைத்திருப்பதே சிக்கனம், ஆறிப்போன நீரை மறுபடியும் முதலிலிருந்து சுடவைப்பதற்குத்தான் மின்சாரம் அதிகம் ஆகும்" என்பது ஒரு கட்சி. "தேவைப்படும்போது போட்டு, தேவை தீர்ந்ததும் நிறுத்துவதே சிக்கனம்" என்பது மற்றொரு கட்சி. இரண்டையும் படித்தவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். வாதத்தினால் தீராத வழக்கு கணக்கினால் தீரும். ஆகவே கணக்கிலிருந்தே தொடங்குவோம்.

ஒரு லிட்டர் நீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி சென்டிகிரேடு உயர்த்துவதற்கு ஒரு கிலோகலோரி வெப்பம் வேண்டும். மின்சார மீட்டர் காட்டும் ஒரு யூனிட், ஏறக்குறைய 860 கிலோகலோரிக்குச் சமம். இந்த இரண்டு எண்களையும் மனத்தில் இருத்திக்கொண்டால் வெந்நீரைப் பற்றிய கணக்குகள் பெரும்பாலும் நம் கைக்குள் வந்துவிடும்.

நால்வர் உள்ள ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். ஆளுக்கு ஒரு வாளி, அதாவது 18 லிட்டர் நீர் வேண்டும் என்று கொள்வோம். குளிர் காலத்துத் தொட்டி நீர் 22 டிகிரியில் இருக்கிறது. உடம்புக்கு இதமான வெந்நீர் 40 டிகிரியில் இருக்க வேண்டும். உயர்த்த வேண்டியது 18 டிகிரி. ஒரு வாளிக்கு 324 கிலோகலோரி. நான்கு வாளிக்கு 1,296 கிலோகலோரி. மின்சாரத்தில் சொன்னால் ஒன்றரை யூனிட். இதுதான் அந்தக் குடும்பத்தின் உண்மையான தேவை. எந்தக் கருவியை வாங்கினாலும், எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக நடந்துகொண்டாலும், மின்கம்பியின் வழியே நீரைச் சுடவைக்கும் கீசரில் இந்த ஒன்றரை யூனிட்டுக்குக் கீழே போக முடியாது. இதற்கு மேல் எவ்வளவு செலவாகிறது என்பதுதான் நம் ஆராய்ச்சி.

அந்தக் குடும்பத்தில் 25 லிட்டர் கொள்ளும் கீசர் ஒன்று இருக்கிறது. அதன் மின்திறன் இரண்டு கிலோவாட். 22 டிகிரியிலுள்ள நீரை அது 60 டிகிரிக்குக் காய்ச்சுவதற்கு 950 கிலோகலோரி, அதாவது 1.1 யூனிட் வேண்டும். இரண்டு கிலோவாட் கருவி ஒரு மணி நேரத்தில் இரண்டு யூனிட் தரும். ஆகவே இந்த வேலைக்கு ஆகும் நேரம் 33 நிமிடம். இவ்வாறு காய்ந்த 25 லிட்டரோடு குளிர்ந்த நீரைக் கலந்தால் 40 டிகிரியில் ஏறக்குறைய 53 லிட்டர் கிடைக்கும். மூன்று வாளிக்குச் சற்றுக் குறைவு. நான்காவது வாளிக்கு இன்னும் பன்னிரண்டு நிமிடம் கருவி ஓட வேண்டும். ஆக மொத்தம், முக்கால் மணி நேரத்தில் அன்றைய வேலை முடிந்துவிடுகிறது. ஒரு நாளைக்கு 24 மணி நேரம். எஞ்சிய இருபத்துமூன்றே கால் மணி நேரமும் அந்தக் கீசருக்கு என்ன வேலை? அங்கேதான் செலவு ஒளிந்திருக்கிறது.

சூடான பொருள் எதுவும் சும்மா இருப்பதில்லை. சுற்றியுள்ள காற்றுக்கு வெப்பத்தைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். அது எந்த வேகத்தில் ஆறும் என்பதைப் பற்றி ஐசக் நியூட்டன் 1701-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார். பொருளின் வெப்பநிலைக்கும் சூழ்நிலையின் வெப்பநிலைக்கும் உள்ள வேறுபாடு எவ்வளவோ, அதற்கேற்ற விகிதத்தில் அது வெப்பத்தை இழக்கும் என்பதே அந்த விதியின் சாரம். நல்ல உறை போர்த்திய வெந்நீர்த் தொட்டிக்கு இந்த விதி பெரும்பாலும் பொருந்தும்.

இதை விளங்கிக்கொள்ள ஓர் உவமை சொல்கிறேன். அடியில் சிறு துளையுள்ள குடம் ஒன்றில் நீர் இருக்கிறது. குடம் நிறைந்திருக்கும்போது நீர் வேகமாகப் பீறிடும். நீர் மட்டம் தாழத் தாழ ஒழுகும் வேகமும் குறையும். ஒருவர் அந்தக் குடத்தை எந்நேரமும் நிறைத்துக்கொண்டே இருக்கிறார். மற்றொருவர் அதை ஒழுகவிட்டு, தேவைப்படும் வேளையில் மட்டும் நிறைக்கிறார். யாருடைய நீர் அதிகம் வீணாகும்? எந்நேரமும் நிறைத்து வைத்தவருடையதுதான். அவருடைய குடம் எப்போதும் முழு வேகத்தில் ஒழுகிக்கொண்டிருக்கிறது அன்றோ? வெந்நீர்த் தொட்டியும் அவ்வாறே. மறுபடி காய்ச்சும்போது நாம் தருவது, ஆறும்போது இழந்ததை மட்டுமே. அதற்குமேல் ஒரு கலோரியும் இல்லை. 'மறுபடி சுடவைக்க அதிகம் ஆகும்' என்னும் முதற் கட்சியின் வாதம் இங்கே விழுந்துவிடுகிறது.

ஆனால் இரண்டாம் கட்சியினரும் உடனே வெற்றி முழக்கம் செய்ய வேண்டாம். இழப்பின் அளவையும் பார்க்க வேண்டும். கீசர்கள் நிலையாக நிற்கும்போது இழக்கும் வெப்பத்தை, நீருக்கும் அறைக்கும் 45 டிகிரி வேறுபாடு இருக்கும்போது ஒரு நாளில் எத்தனை யூனிட் என்று அளந்து கூறுவது நம் நாட்டு வழக்கம். நட்சத்திரக் குறியீடு இந்த அளவைக்கொண்டே தரப்படுகிறது; நட்சத்திரம் மிகுந்தால் இழப்புக் குறைவு. நம் கணக்கிற்கு, அந்த இழப்பு நாளுக்கு ஒரு யூனிட் என்று வைத்துக்கொள்வோம். நீர் 60 டிகிரி. குளியலறைக் காற்று 25 டிகிரி. வேறுபாடு 35 டிகிரி. ஆகவே, காலைக் குளியல் முடிந்தபின் மறுநாள் காலை வரை 22 மணி நேரம் கீசரைப் போட்டே வைத்திருந்தால் இழப்பு ஏறத்தாழ 0.7 யூனிட் ஆகும்.

இனி, தொட்டி நிறையச் சுடுநீர் இருக்கும்போது சுவிட்சை மட்டும் நிறுத்திவிட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீர் மெல்ல மெல்ல ஆறி மறுநாள் காலையில் 42 டிகிரியில் வந்து நிற்கும். இழப்பு 0.5 யூனிட். போட்டே வைத்திருந்ததற்கும் நிறுத்தியதற்கும் உள்ள வேறுபாடு 0.2 யூனிட் மட்டுமே! நிறுத்தியது நல்லதே, ஆயினும் பெரும் லாபம் இல்லை. சூடான நீரைத் தொட்டியில் விட்டுவிட்டுச் சுவிட்சை நிறுத்துவது, பணப்பையைத் திண்ணையில் வைத்துவிட்டு வாசற்கதவைத் தாழிடுவது போன்றது.

பெரும் லாபம் வேறோர் இடத்தில் இருக்கிறது. கடைசியாகக் குளிப்பவர் குளியலறைக்குள் நுழைவதற்கு முன்பே சுவிட்சை நிறுத்திவிட வேண்டும். கீசரின் அமைப்பைப் பாருங்கள். குளிர்ந்த நீர் அடிப்பகுதியில் நுழைகிறது; சூடான நீர் அடர்த்தி குறைந்ததாதலால் மேலே மிதந்து, மேற்பகுதியில் உள்ள குழாய் வழியே வெளியேறுகிறது. இரண்டும் உடனே கலந்துவிடுவதில்லை. ஆகவே, சுவிட்சை நிறுத்திய பிறகும் கடைசி ஆளுக்குப் போதிய சுடுநீர் மேலடுக்கில் காத்திருக்கும். அவர் அதை எடுத்துக்கொண்டபின் தொட்டியில் எஞ்சியிருப்பது பெரும்பாலும் குளிர்ந்த நீரே. குளிர்ந்த நீர் எதை இழக்கும்? அந்த 0.7 யூனிட்டில் பெரும்பகுதி நமக்கு மிஞ்சிவிடுகிறது.

ஒரு மாதத்திற்குக் கணக்கிடுவோம். குளியலுக்காக நம் குடும்பம் செலவிட வேண்டியது 45 யூனிட். எந்நேரமும் போட்டு வைத்தால் குளியலறைச் சுவரையும் காற்றையும் சுடவைப்பதற்காக மேலும் 21 யூனிட் செலவாகும். ஏறக்குறையப் பாதிக்குப் பாதி! பயன்படுத்தும் யூனிட் மிக மிகக் கட்டண விகிதமும் படிப்படியாக ஏறும் இடங்களில், இந்த வீண் யூனிட்டுகளே குடும்பத்தை மேல் படிக்குத் தள்ளிவிடும். ஓய்வூதியத்திலோ அன்றாடக் கூலியிலோ குடும்பம் நடத்துவோருக்கு அது சிறு தொகையன்று.

இதிலிருந்து எளிய நேர அட்டவணை ஒன்று கிடைக்கிறது. முதல் ஆள் குளிக்கப்போகும் நேரத்திற்கு அரை மணிக்குச் சற்று முன்னர்ச் சுவிட்சைப் போடுங்கள். ஒருவர்பின் ஒருவராக இடைவெளியின்றிக் குளியுங்கள். கடைசி ஆளுக்கு முன்பே நிறுத்துங்கள். 'இடைவெளியின்றி' என்று சொன்னதற்கும் காரணம் உண்டு. கீசரிலிருந்து தூரத்துக் குளியலறைக்குச் செல்லும் குழாய், 15 மில்லிமீட்டர் உள்விட்டமும் பத்து மீட்டர் நீளமும் உடையதாயின், அதற்குள் ஒன்றேமுக்கால் லிட்டர் நீர் தங்கும். ஒருவர் குளித்துவிட்டு மற்றவர் ஒரு மணி நேரம் கழித்து வந்தால், குழாயில் தங்கிய சுடுநீர் ஆறிப்போய், அவர் அதைத் திறந்து விட்டுவிட்டுத்தான் சுடுநீர் பெறுவார். வெப்பமும் வீண், நீரும் வீண்.

'அப்படியானால் வெப்பநிலையை 60 டிகிரிக்கு உயர்த்துவானேன்? 45 டிகிரியில் வைத்தால் இழப்பு இன்னும் குறையுமே' என்று உங்களில் சிலர் கேட்கலாம். நல்ல கேள்விதான். ஆனால் இங்கே பெளதிகம் மட்டுமின்றி உயிரியலும் பேச வேண்டியிருக்கிறது. 1976-ஆம் ஆண்டு அமெரிக்காவில் பிலடெல்பியா நகரில் ஒரு மாநாட்டிற்கு வந்தவர்களிடையே கடுமையான நுரையீரல் நோய் பரவிப் பலர் இறந்தனர். அதற்குக் காரணமான பாக்டீரியா 1977-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கண்டறியப்பட்டது. லெஜியனெல்லா என்று அதற்குப் பெயர் வந்தது. வெதுவெதுப்பான நீரில், சுமார் 20 முதல் 45 டிகிரி வரையில் அது செழித்து வளரும். 60 டிகிரியில் மாண்டுபோகும். நீர்த் திவலைகளோடு மூச்சில் புகுந்தால்தான் அது தீங்கு செய்யும். ஆகவே, தொட்டி நீரை நாள் முழுதும் வெதுவெதுப்பாக வைத்திருப்பது சிக்கனமும் அன்று, சுகாதாரமும் அன்று. நாளுக்கு ஒரு முறை நன்றாகக் காய்ச்சி, அப்போதே பயன்படுத்தித் தீர்த்துவிடுவதே இரண்டுக்கும் ஏற்றது. பல நாள் ஊருக்குப் போய்விட்டுத் திரும்பினால், முதலில் தொட்டியை 60 டிகிரிக்குக் காய்ச்சிய பிறகே பயன்படுத்துங்கள். வாளியில் முதலில் குளிர்ந்த நீரையும் பிறகு சுடுநீரையும் ஊற்றும் வழக்கத்தையும் கைக்கொள்ளுங்கள். சிறு குழந்தைகளின் கை சுடுநீரில் படாமல் காக்க அது உதவும்.

இதுவரையில், 'பயன்படுத்தும் வேளைக்கு நெருங்கிக் காய்ச்சுக' என்ற விதியைச் சொன்னேன். இதற்கு விலக்கும் உண்டு. வெப்பம் இலவசமாகவோ மலிவாகவோ கிடைக்கும் வேளை ஒன்றாகவும், நாம் குளிக்கும் வேளை வேறொன்றாகவும் இருந்தால், சேமித்து வைத்துத்தான் ஆக வேண்டும். நம் முன்னோர் இதை அறிந்திருந்தனர். பழைய வீடுகளின் சமையலறையில் பெரிய அடுப்பை ஒட்டிக் 'கொடி அடுப்பு' ஒன்று இருக்கும். அதற்குத் தனியே விறகு வைப்பதில்லை. பெரிய அடுப்பில் சோறு வேகும்போது, உள்வழியே பரவிவரும் அனல் கொடி அடுப்பின்மேல் வைத்த பாத்திரத்தை இலவசமாகவே சுடவைக்கும். சமைக்கும் வேளையையும் நீர் காயும் வேளையையும் ஒன்றாக்கிய அந்த ஏற்பாடு, எந்த விஞ்ஞானியும் மெச்சத்தக்கது.

இக்காலத்தில் அந்த இலவச அனலைத் தருவது சூரியன். மொட்டை மாடியில் வைக்கும் சூரிய வெந்நீர்க் கருவி பகல் முழுதும் நீரைச் சுடவைத்து, கனமான உறைக்குள் இரவைக் கழித்து, மறுநாள் காலையில் தருகிறது. மேகம் மூடிய நாளுக்கென்று அதில் துணை மின்கம்பி ஒன்றும் பொருத்துவதுண்டு. இதைக் கையாள்வதில்தான் பலர் தவறுகின்றனர். மாலையிலோ இரவிலோ அதைப் போட்டு வைத்தால், மின்சாரம் காய்ச்சிய நீர் இரவெல்லாம் ஆறும். விடியலில் பயன்படாமல் மிஞ்சினால் மறுநாள் வெயில் வந்து செய்ய வேண்டிய வேலையும் முன்னமே முடிந்திருக்கும். சூரியன் வாசலில் காத்து நிற்க, நாம் மின்சாரத்திற்குப் பணம் கொடுப்போம். துணை மின்கம்பியை விடியற்காலையில், அதுவும் முதல் நாள் வெயில் போதாதிருந்தால் மட்டும், போட வேண்டும்.

வேளைக்கு ஒரு கட்டணம் வாங்கும் நாடுகளும் உண்டு. பிரிட்டனில் 1978-ஆம் ஆண்டு, இரவில் ஏழு மணி நேரத்திற்கு மலிவுக் கட்டணம் அளிக்கும் திட்டம் வந்தது. உறங்கும் நேரத்தில் பெரிய தொட்டிகளில் நீரைக் காய்ச்சி வைத்துக்கொள்ளப் பலர் பழகினர். நியூசீலந்தில் மின்வாரியத்தாரே மின்கம்பி வழியாக ஒரு குறிப்பொலியை அனுப்பி, நெருக்கடி வேளையில் வீடுகளின் வெந்நீர்த் தொட்டிகளைச் சிறிது நேரம் நிறுத்திவைக்கும் முறை பல ஆண்டுகளாகக் கையாளப்பட்டு வருகிறது. உறை நன்றாயிருப்பதால் வீட்டாருக்கு வேறுபாடு தெரிவதில்லை. நம் நாட்டிலும் 2023-ஆம் ஆண்டில் மத்திய அரசு வெளியிட்ட விதித் திருத்தம், வெயில் மிகுந்த எட்டு மணி நேரத்திற்கு வழக்கமான கட்டணத்தைவிடக் குறைந்தது 20 சதவீதம் தாழ்ந்த கட்டணமும், நெருக்கடி வேளைக்கு உயர்ந்த கட்டணமும் விதிக்க வழிகாட்டியது.

அத்தகைய கட்டணம் நம் வீட்டிற்கு வந்தால், பிற்பகல் மூன்று மணிக்கே கீசரைப் போட்டுக் காய்ச்சி, மறுநாள் காலை ஐந்து மணிக்குக் குளிக்கலாமா? மறுபடியும் கணக்கையே கேட்போம். நம் 25 லிட்டர்த் தொட்டி அந்தப் பதினான்கு மணி நேரத்தில் ஏறக்குறைய 13 டிகிரி ஆறிவிடும். ஊட்டிய வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். ஐந்தில் ஒரு பங்கு தள்ளுபடிக்காக மூன்றில் ஒரு பங்கை இழப்பது வியாபாரமாகுமா? ஆகாது. குளியலை மாலைக்கு மாற்றிக்கொண்டால் மட்டுமே அங்கே லாபம் உண்டு. தொட்டி பெரிதாகவும் உறை கனமாகவும் இருந்தால் தீர்ப்பு மாறலாம். ஏனெனில், கொள்ளளவு பெருகும் அளவுக்குத் தொட்டியின் மேற்பரப்புப் பெருகுவதில்லை. ஆகவே நான் உங்களுக்குத் தருவது ஒரு கட்டளையன்று, ஒரு தராசு. ஒரு தட்டில் கட்டணத் தள்ளுபடியையும், மறு தட்டில் ஆறும் இழப்பையும் வைத்து நிறுத்துப் பாருங்கள்.

இன்னும் ஒரு செய்தி. யூனிட் என்பது நாம் செலவிட்ட மொத்த ஆற்றல். கிலோவாட் என்பது அந்த ஆற்றலை எவ்வளவு வேகமாக வாங்குகிறோம் என்பதைக் காட்டும் திறன். ஒரு லட்சம் வீடுகள் காலை ஆறு மணிக்கு ஒரே சமயத்தில் இரண்டு கிலோவாட் கீசரைப் போட்டால் வேண்டிய திறன் இரண்டு லட்சம் கிலோவாட். கோவை மாவட்டத்துக் காடம்பாறையில், மின்சாரத் தேவை குறைந்த வேளையில் நீரை மேலணைக்கு ஏற்றி, நெருக்கடி வேளையில் கீழே பாய்ச்சி மின்சாரம் எடுக்கும் நிலையம் ஒன்று இருக்கிறது. அதன் முழுத் திறன் நான்கு லட்சம் கிலோவாட். அதில் பாதியை இந்த ஒரு லட்சம் கீசர்களே விழுங்கிவிடும்! அவர்களில் பாதிப் பேர் முக்கால் மணி நேரம் முந்திக்கொண்டால், எவருடைய யூனிட்டும் கூடாது. ஆனால் நெருக்கடி பாதியாகிவிடும். அந்த நெருக்கடிக்காக ஓட வேண்டிய இயந்திரங்களும், அவை எரிக்கும் எரிபொருளும் குறையும். நாம் வீட்டில் சுவிட்சைப் போடும் நேரம், மலைமேல் இருக்கும் அணை வரையில் எட்டுகிறது என்பதை எண்ணிப் பாருங்கள்.

வீட்டுக்குள்ளேயும் இதில் ஒரு நியாயம் கேட்க வேண்டியிருக்கிறது. அரை மணி முன்னதாகச் சுவிட்சைப் போட வேண்டும் என்றேன். யார் எழுந்து போடுவது? நம் குடும்பங்களில் பெரும்பாலும் தாய்மார்களே. மற்றவர்களின் வெந்நீருக்காக அவர்கள் தம் உறக்கத்தைக் குறைத்துக்கொள்கிறார்கள். விறகடுப்பு உள்ள வீடுகளில் புகையும் சேர்ந்துகொள்கிறது. இந்த அரை மணியை எந்த மீட்டரும் காட்டுவதில்லை. நேரம் குறித்தால் தானே இயங்கி, தானே நிற்கும் டைமர்கள் கடைகளில் கிடைக்கின்றன. இரண்டு கிலோவாட் கீசர் ஏறக்குறைய ஒன்பது ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். ஆதலால் 16 ஆம்பியர் தாங்கும் டைமரையே, மின்பணியாளரைக் கொண்டு பொருத்த வேண்டும். டைமர் வாங்க இயலாத வீட்டில், கல்லூரி செல்லும் மகனோ மகளோ முறைவைத்து எழுந்து அந்தப் பணியைச் செய்யலாம். அதற்கு எந்தக் கருவியும் வேண்டியதில்லை.

முடிவாக உங்களுக்கு ஒரு வீட்டுப் பாடம். உங்கள் வீட்டு மின்சார மீட்டரின் முகப்பில் சிறு விளக்கொன்று விட்டுவிட்டு மினுங்கும். எத்தனை முறை மினுங்கினால் ஒரு யூனிட் என்பது அதன்மேல் எழுதியிருக்கும். நீங்கள் வீட்டில் இருக்கும் ஒரு பகற்பொழுதில், பெரியவர்களின் அனுமதியோடு கீசரை நீர் எடுக்காமல் போட்டு வையுங்கள். அதன் விளக்கு எத்தனை முறை தானாக எரிந்து அணைகிறது, ஒவ்வொரு முறையும் எத்தனை நிமிடம் எரிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அது எரியும்போது மற்றக் கருவிகளை நிறுத்திவிட்டு, மீட்டரின் மினுக்கலை ஒரு நிமிடம் எண்ணுங்கள். உங்கள் கீசர் சும்மா நின்று எவ்வளவு விழுங்குகிறது என்பது தெரிந்துவிடும். நான் சொன்ன எண்கள் ஒரு மாதிரிக் குடும்பத்திற்கு உரியவை. நீங்கள் அளக்கும் எண்களே உங்கள் வீட்டிற்கு உரியவை. இரண்டும் வேறுபட்டால் உங்கள் எண்ணையே நம்புங்கள்; அதைக்கொண்டு உங்கள் வீட்டு அட்டவணையை எழுதி, குளியலறைக் கதவில் ஒட்டுங்கள்.